நியூபோர்ட் திரித்துவ ஆலயம்: மாறாதது என்று சொல்லப்படும் ஒரு கட்டடம்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நியூபோர்ட் என்ற ஊர்ப்பெயர் அவ்வளவு புதிதாக இருக்காது. பாஸ்டன் பக்கம் மகனோ மகளோ இருந்தால், ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போய் அங்குள்ள கடலோர மாளிகைகளைக் காட்டிவிடுவார்கள். வாண்டர்பில்ட் குடும்பம் 1895-இல் கட்டி முடித்த எழுபது அறை மாளிகையைப் பார்த்துவிட்டு, ‘கோடைக்கு வந்து தங்குறதுக்கு இத்தனை பெரிய வீடா!’ என்று மூக்கில் விரல் வைத்துவிட்டுத் திரும்புகிறோம். 2024 ஜூலையில் நம் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் அவ்வூரிலுள்ள டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட பிறகு, அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஊருக்கு நடுவில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் வெள்ளை மரத் தேவாலயத்தைப் பெரும்பாலோர் காரிலிருந்தே பார்த்துவிடுகிறார்கள்.

அதுதான் டிரினிட்டி சர்ச். நம் திருநெல்வேலி வழக்கில் சொன்னால் பரிசுத்த திரித்துவ ஆலயம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் அந்தச் சிறு நகரத்தில், எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேகரத்தின் கோயில். 1726-இல் கட்டி முடிந்தது. 1968 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: எளிமை, வெளிச்சம், வெண்மை, எல்லாவற்றுக்கும் மேலாக ‘மாறாத தன்மை’. மூன்று நூற்றாண்டுகளாக அப்படியே இருக்கிறதாம். எளிமையும் வெளிச்சமும் சரி. மாறாத தன்மை என்பதைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதை மாறாமல் வைத்திருக்கிறார்கள், எதை மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் இந்தக் கட்டடம் வேறு ஒரு கதையைச் சொல்லத் தொடங்குகிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரோட் ஐலண்ட் என்பதே மத விஷயத்தில் மற்ற இடங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சேர்ந்து உண்டாக்கிய குடியேற்றம். பாஸ்டன் பக்கத்துப் பியூரிட்டன்களோடு ஒத்துப்போக முடியாத ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். 1639-இல் நியூபோர்ட் தோன்றியது. பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள், பிறகு யூதர்கள் என்று எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. குவேக்கர்களின் கூடம் 1699-இலும், யூதர்களின் டூரோ ஜெபாலயம் 1763-இலும் எழுந்து, இரண்டும் இன்றும் நிற்கின்றன. இந்தக் கூட்டத்தில் இங்கிலாந்து அரசரின் அதிகாரபூர்வத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைதான் சிறுபான்மை! லண்டனில் ஆளுகிற சபை, நியூபோர்ட்டில் பத்தோடு பதினொன்று. 1698-இல் சபை கூடத் தொடங்கியது. 1704-இல் ஜேம்ஸ் ஹனிமன் என்ற குரு வந்து சேர்ந்து, 1750-இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார்.

ஹனிமனை அனுப்பியது யார் என்பதில் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. எஸ்.பி.ஜி. என்று நம் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த அதே சங்கம்தான். தாமஸ் பிரே என்பவர் முன்னின்று 1701-இல் லண்டனில் தொடங்கிய அச்சங்கம், நூறாண்டுக்குப் பிறகு திருநெல்வேலிக்கு வந்தது. கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்து உழைத்தது அச்சங்கத்தின் மிஷனரியாகத்தான். பிரே முன்னின்று தொடங்கிய இன்னொரு சங்கமான எஸ்.பி.சி.கே., தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு அச்சுப்பொறியும் காகிதமும் அனுப்பி உதவியது. ஒரே லண்டன் மேஜையிலிருந்து ஒரு கடிதம் நியூபோர்ட்டுக்கும் இன்னொன்று சோழமண்டலக் கரைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது.

‘எபிஸ்கோபல்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேராயர்களால் நடத்தப்படுவது என்பது அதன் பொருள். அமெரிக்கா சுதந்திரம் பெற்றதும், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய முடியாத நிலையில் அங்கிருந்த ஆங்கிலிக்கன்கள் தனித் திருச்சபையாகி 1789-இல் இப்பெயரோடு அமைப்புச் சட்டம் வகுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் 1947-இல் ஆங்கிலிக்கன் சபைகள் வேறு சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

இனி கட்டடம். இதைக் கட்டியவர் ரிச்சர்ட் மண்டே என்ற தச்சர். கட்டடக்கலைஞர் என்ற தனித் தொழில் அந்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை; தச்சர்தான் வரைவார், மரம் வாங்குவார், ஆள் வைத்துக் கட்டுவார். மண்டே பிறகு கட்டிய பழைய குடியேற்ற மாளிகையும் நியூபோர்ட்டில் நிற்கிறது, அது செங்கல். கோயிலோ முழுக்க மரம். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது பாஸ்டனில் 1723-இல் எழுந்த கிறைஸ்ட் சர்ச். ‘ஓல்ட் நார்த்’ என்று இன்று எல்லோரும் அறிந்தது. அதற்கு முன்மாதிரி, 1666-ஆம் ஆண்டுத் தீக்குப் பின் லண்டனைத் திரும்பக் கட்டியெழுப்பிய சர் கிறிஸ்டோபர் ரென்னின் கோயில்கள், குறிப்பாக பிக்காடிலியில் உள்ள புனித ஜேம்ஸ் ஆலயம். ஆக லண்டனில் கல்லிலும் செங்கலிலும் இருந்தது, பாஸ்டனில் செங்கலாகி, நியூபோர்ட்டில் மரமாயிற்று. ஊரை விட்டு வந்தவன் கட்டுகிற கட்டடத்தில் சொந்த ஊர் ஞாபகமும் வந்த இடத்துப் பொருளும் எப்படிக் கலக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, மண்டே அந்த மாற்றத்தை அருமையாகச் செய்திருக்கிறார். கல்லை மரத்தில் நகல் எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, மரத்தைக் கல்போல நடிக்க வைப்பது. இவர் அதைச் செய்யவில்லை. சுவர் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஓடுகின்றன. அந்தக் கோடுகளின் நடுவே இரண்டு வரிசை வளைவு ஜன்னல்கள். அதன்மேல் கோபுரம், கோபுரத்தின்மேல் ஊசியாய்ச் சிறுத்துப் போகும் உச்சி. கடலிலிருந்து வருகிற மாலுமிக்கு முதலில் தெரிவது அதுதான். அளவில் பெரியதல்ல. ஆனால் தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே எவ்வளவு உயர்ந்தால் கம்பீரம், எவ்வளவு உயர்ந்தால் ஆணவம் என்ற கணக்கு அந்தத் தச்சருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் அதே ஊரில் மாளிகை கட்டிய கோடீஸ்வரர்களுக்கு அது தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே போனால்தான் விசேஷம். நடுவில் நடைபாதை, இருபுறமும் இரண்டு அடுக்காகச் சதுர மரத் தூண்கள், அவற்றின்மேல் நீள மாடிகள், நடுக்கூடத்துக்கு மேலே பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போன்ற வளைவுக் கூரை. மெழுகுவர்த்தி ஏற்றுகிற பித்தளைச் சரவிளக்குகள் தொங்குகின்றன. பிற்காலத்தில் சில ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். மற்றவற்றின் வழியே கடலோர ஊருக்கே உரிய சாம்பல் கலந்த வெளிச்சம் தாராளமாக உள்ளே விழுகிறது. நடைபாதையின் கோடியில், திருப்பீடத்துக்கு நேர் முன்னால், வழியை மறித்தாற்போல ஓர் உயர்ந்த மேடை நிற்கிறது. அடியில் வாசகருக்கு ஒரு மேசை, நடுவில் ஜெபம் படிக்க ஒன்று, உச்சியில் பிரசங்கம் செய்ய மதுக்கிண்ண வடிவில் ஒரு பீடம். அதற்கும் மேலே, குரல் சிதறாமல் சபையை நோக்கித் திருப்பிவிட ஒரு மர விதானம். இந்த மூன்றடுக்குப் பிரசங்க பீடம் தன் பழைய இடத்திலேயே, நடுநாயகமாக நிற்பது அமெரிக்காவில் இங்கே மட்டும்தான் என்பார்கள்.

கூட வந்திருந்த என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றித்தான். “இதென்னங்க, சந்நிதியை மறைச்சுக்கிட்டு இப்படி நட்டு வச்சிருக்காங்க?”

கட்டடக்கலை விமர்சகர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி. மறைக்க வேண்டும் என்றுதான் நட்டார்கள் என்பதில்லை. மறைந்தால் பரவாயில்லை என்று நினைத்தார்கள். சீர்திருத்த சபைக் கோயில் என்பது எல்லோரும் பார்க்கவும் கேட்கவும் வசதியான கூடமாக இருக்க வேண்டும் என்பது ரென்னின் கொள்கை. ரோமன் கோயில்களில் பூசையின் முணுமுணுப்பைக் கேட்டாலே போதும், இங்கே சொல் விளங்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆகவே காது முதலில், கண் அடுத்து. பிரசங்கம் வாராவாரம், நற்கருணையோ வருஷத்தில் சில முறை. எது அடிக்கடி நடக்கிறதோ அதற்கு நடு இடம். இந்தத் தர்க்கத்தை நியூபோர்ட் ஆலயம்போல இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் கட்டடம் இன்னொன்று கிடைப்பது அரிது.

இதே தர்க்கம் அடுத்த நூற்றாண்டில் தலைகீழானது. 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டில் கிளம்பிய இயக்கமும் அதைத் தொடர்ந்த கோத்திக் மோகமும், பிரசங்க பீடத்தை ஓரமாகத் தள்ளித் திருப்பீடத்தைப் படியேற்றி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தன. நம் கொலாபாவில் 1858-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆப்கன் சர்ச் அந்த மோகத்தின் குழந்தை. உள்ளே நுழைந்ததும் பார்வை தானாகக் கிழக்குக் கோடிக்கு ஓடும். இடையன்குடியில் கால்டுவெல் 1847-இல் தொடங்கி 1880-இல் பிரதிஷ்டை கண்ட கோயிலும் கோத்திக்தான். கொத்தனார்களுக்குப் புரிவதற்காக அவரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பது நாடறிந்த செய்தி. அந்தக் கோயிலின் பெயர் என்ன? அதுவும் பரிசுத்த திரித்துவ ஆலயம்! அதே சங்கம், அதே பெயர், நூற்றைம்பது ஆண்டு இடைவெளி. ஒன்று காதுக்கான கோயில், மற்றது கண்ணுக்கான கோயில்.

அமெரிக்காவிலும் ஊர் ஊராக இந்த மாற்றம் நடந்தது. நடுவில் நின்ற பீடங்கள் பெயர்க்கப்பட்டன. நியூபோர்ட்டில் மட்டும் ஏன் நடக்கவில்லை? பக்தி, பழமைப் பற்று என்று சொல்வார்கள். நான் முக்கியமான காரணமாகப் பார்ப்பது ஏழ்மையை. 1774-இல் 9,000-க்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை, போர் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் 5,000-ஐச் சற்றே தாண்டும் அளவுக்குச் சரிந்தது. வணிகம் பிராவிடன்ஸ் பக்கம் போய்விட்டது. கோயிலை இடித்துக் கட்டுவதற்குக் கையில் காசு இல்லாத சபை, இருப்பதைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டது. பழைய வீடு தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் இப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் மாறவே இல்லை என்பது உண்மையல்ல. 1762-இல் சபை பெருகி இடம் போதாமல் போனபோது, கட்டடத்தைக் குறுக்கே இரண்டாக அறுத்து, கிழக்குப் பாதியைப் பின்னால் நகர்த்தி, இடையில் இரண்டு பத்திகளைப் புதிதாகச் செருகினார்கள். மரக்கட்டடத்தின் சௌகரியம் பாருங்கள், ஒரு பெரிய அலமாரியை நீட்டுவது போல நீட்டிவிட்டார்கள். உள்ளே நிற்கிறவருக்கு ஒட்டுத் தெரியவில்லை. மண்டேயின் தாளக்கட்டை அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள். அது நல்ல வேலை.

எதற்கு அத்தனை இடம் தேவைப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். கீழ்த்தளம் முழுக்க பெட்டி பெட்டியாக அடைக்கப்பட்ட இருக்கைகள். மார்பளவு மரச்சுவர், அதற்கு ஒரு குட்டிக் கதவு, கதவில் எண். உள்ளே குடும்பம் ஒன்று சுற்றி உட்காரலாம். கணப்பு இல்லாத கோயிலில் குளிர்காற்றைத் தடுக்க இந்த அடைப்பு உதவியது. காலடியில் தணல் பெட்டி வைத்துக்கொள்வார்கள். இது எல்லா வழிகாட்டிகளும் சொல்கிற விளக்கம். சொல்லாமல் விடுகிற பாதி, இவை சொத்து என்பது. குடும்பங்கள் விலை கொடுத்து வாங்கின, வரி கட்டின, வாரிசுக்கு விட்டன. நடைபாதையை ஒட்டிய பெட்டி யாருடையது, பின் மூலை யாருடையது என்று எழுதிவைத்தால் அதுவே ஊரின் செல்வர் பட்டியல். கோயிலின் தரைத்தளத்தை ஒரு கணக்குப் புத்தகமாகவே வாசிக்கலாம்.

கணக்கின் வரவுப் பக்கத்தில் இருந்தது என்ன? மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வெல்லப்பாகு, அதைக் காய்ச்சி ரம், ரம்மைக் கொண்டுபோய் ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமைக் கப்பல்களை அதிகமாக அனுப்பியது சின்னஞ்சிறு ரோட் ஐலண்ட்தான். அதில் முதன்மைத் துறைமுகம் நியூபோர்ட். 1709-க்கும் 1807-க்கும் இடையில் ரோட் ஐலண்டிலிருந்து கிளம்பிய பயணங்கள் 900-க்கும் மேல். ஏற்றிச்செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லா மதத்தாருக்கும் இடம் கொடுத்த ஊர்தான் இதையும் செய்தது. ஆங்கிலிக்கன்கள் மட்டும் என்றில்லை. எல்லாச் சபை வணிகர்களும் அதில் இருந்தார்கள்.

அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் நியூபோர்ட்டிலேயே தங்கிவிட்டவர்கள் எஜமானர்களோடு கோயிலுக்கு வந்தார்கள். 1743-இல் ஹனிமன் தன் சங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில், சுமார் நூறு கறுப்பர்கள் இடைவிடாமல் ஆராதனைக்கு வருகிறார்கள் என்று எழுதினார். நூறு பேர்! சின்ன எண்ணிக்கையா? அவர்களுக்குப் பெட்டி ஏது? அக்காலத்துப் புதிய இங்கிலாந்துத் தேவாலயங்களின் வழக்கம், கறுப்பர்களை மாடியிலும் மூலையிலும் உட்கார வைப்பது. பிரசங்கம் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று வகுத்த ரென்னின் கொள்கை, யார் எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதை வகுக்கவில்லை. அதை விலைப்பட்டியல் வகுத்தது. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிய கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு, மறைக்கிற பீடத்தையும் தள்ளி உட்கார்ந்தவர்களையும் ஒன்றாகப் பார்த்தால் மனசு சும்மா இருக்குமா? இங்கே எதுவும் விலகவில்லை. 1762-இல் கட்டடத்தையே அறுத்து நகர்த்தினார்கள், இருக்கை முறையைத் தொடவில்லை. அதே ஆண்டில் பிரேயின் பெயரால் அமைந்த ஓர் அறக்குழு, இந்தக் கோயில் குருவின் மேற்பார்வையில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இந்த இரட்டை நிலைக்கு உருவம் கொடுத்தாற்போல் ஒரு மனிதர் அங்கே வந்து சேர்ந்தார். ஜார்ஜ் பார்க்லி, அயர்லாந்துத் தத்துவ அறிஞர். 1729 தொடக்கத்தில் நியூபோர்ட்டில் இறங்கி, 1731 வரை பக்கத்தில் ‘வைட்ஹால்’ என்ற பண்ணைவீட்டில் இருந்தார். பெர்முடாவில் ஒரு கல்லூரி தொடங்க வேண்டும் என்பது திட்டம். நாடாளுமன்றம் வாக்களித்த 20,000 பவுன் கடைசிவரை வரவில்லை. காத்திருந்த காலத்தில் இந்தப் பிரசங்க பீடத்தில் ஏறிப் பலமுறை பேசினார். ஊருக்குத் திரும்பிய பிறகு, 1733-இல் லண்டனிலிருந்து ஓர் ஆர்கனை அன்பளிப்பாக அனுப்பினார். கருவியின் உள்பாகங்கள் பின்னால் மாற்றப்பட்டன. கிரீடமும் பேராயர் முடியும் உச்சியில் சூடிய அந்த மரக்கூடு இன்னும் இருக்கிறது. கோயிலின் அணிகலன்களில் அதுதான் அழகானது. அவர் குழந்தை லூசியா 1731-இல் இறந்து இக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள்.

அதே 1731-இல் பார்க்லி தன் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிலிப், அந்தோணி, ஆக்னஸ் என்று மூன்று பேர். எஜமானரின் குடும்பப் பெயரே அவர்களுக்கும். பண்ணைக்காக விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இவர்கள். ஞானஸ்நானம் பெற்றால் அடிமை விடுதலை ஆகிவிடுவானோ என்று எஜமானர்கள் பயந்தார்கள். ஆக மாட்டான் என்று இங்கிலாந்தின் அரசு வழக்கறிஞர்கள் 1729-இல் கொடுத்த கருத்தைப் பெற்று, அச்சிட்டு, ரோட் ஐலண்டில் பரப்பிய செய்தியை 1732-இல் எஸ்.பி.ஜி. சங்கத்தின் முன் செய்த பிரசங்கத்தில் பார்க்லி குறிப்பிடுகிறார். கிறிஸ்தவன் ஆனால் அடிமை இன்னும் நல்ல அடிமையாவான் என்பதும் அவர் எழுதிய வாதம்தான். ஒரு பொருள் இருக்கிறது என்றால், அது ஒரு மனத்தால் உணரப்படுகிறது என்பதே என்று உலகுக்குச் சொன்ன தத்துவவாதி அவர். வாங்கிய மனிதர்களைப் பார்க்கத் தெரிந்திருந்தும் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அந்தப் பிரசங்கமே சாட்சி. டப்ளினில் அவர் படித்த டிரினிட்டி கல்லூரி, 2023-இல் தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. ‘அந்தக் காலத்து மனுஷன், அப்படித்தான் இருப்பார்’ என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்திலேயே ரோட் ஐலண்ட் பக்கம் சில குவேக்கர்கள் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

பார்க்லி ஊருக்குத் திரும்பிய பிறகு வைட்ஹால் பண்ணையை யேல் கல்லூரிக்கு எழுதிவைத்தார். பிறகு புத்தகங்களும் அனுப்பினார். அந்தக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் நம் மதராஸின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் 1680-இல் நடந்த முதல் திருமணமே அவருடையதுதான். அவர் காலத்துக் கோட்டைப் பதிவுகளிலும் அடிமை வாணிபம் உண்டு. சென்னைக் கோட்டையும் நியூபோர்ட் பண்ணையும் ஒரே கல்லூரியின் நன்கொடைக் கணக்கில் சந்தித்துக்கொள்கின்றன.

சுதந்திரப் போர் இந்தக் கோயிலை வேறு விதமாகத் தொட்டது. 1776 டிசம்பரிலிருந்து 1779 அக்டோபர் வரை நியூபோர்ட் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது. மற்ற சபைகளின் கூடங்கள் சிப்பாய்களின் கொட்டடிகளாயின; அரசர் திருச்சபை என்பதால் இது தப்பியது. படை போனதும் ஊர்க்காரர்கள் சிலர் உள்ளே புகுந்து, திருப்பீடத்தின் மேலிருந்த அரசரின் சிங்க, யூனிகார்ன் சின்னத்தைப் பிடுங்கி மிதித்துத் துப்பாக்கி சுடப் பழகும் குறியாக வைத்தார்கள். ஆர்கன்மேலிருந்த கிரீடம் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அடுத்த ஆண்டு, உதவிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெர்னே காய்ச்சலில் இறந்தபோது, கத்தோலிக்கரான அவரை இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். வாஷிங்டன் உட்கார்ந்த பெட்டி என்று 81-ஆம் எண்ணைக் காட்டுகிறார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது வெளியே இருக்கும் புல்வெளியைப் பற்றி. கோயிலிலிருந்து துறைமுகம் வரை இறங்கும் அந்தப் பசும்பரப்பைப் பார்த்து, ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. வீடும் கடையும் நெருக்கியடித்த தெருக்களின் நடுவேதான் மண்டே கட்டினார். 1970-களில், செல்வச் சீமாட்டி டோரிஸ் டியூக் நிறுவிய புனரமைப்பு அறக்கட்டளை முன்னின்று இங்கிருந்த கட்டடங்களை அகற்றி ‘குவீன் ஆன் சதுக்கம்’ அமைத்தது. 1976 ஜூலையில் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். ஊரின் பழைய வீடுகள் பலவற்றைக் காப்பாற்றிய அறக்கட்டளை அது, அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் இந்தச் சதுக்கம் கட்டடக்கலை நோக்கில் ஒரு பிழை. நெருக்கத்திலிருந்து திடீரென்று எழும்பி நிற்பதில்தான் மண்டேயின் கோபுரத்துக்கு வலிமை. சுற்றிலும் இடம் விட்டு நிறுத்தியதும் அது வாழ்த்து அட்டைப் படமாகிவிட்டது. வெள்ளைக் கோயில், பச்சைப் புல், நீலக் கடல். துறைமுகத்துக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்த பண்டகசாலையும் கடையும் சந்தடியும் மறைந்தபோது, அந்தக் கோயிலைக் கட்டிய பணம் எந்த வழியாக நடந்து வந்தது என்பதும் மறைந்துபோயிற்று. 2013-இல் சிற்பி மாயா லின் அந்தப் புல்வெளியில், பழைய வீடுகளின் அடித்தளம் போன்ற மூன்று கல் அமைப்புகளை வைத்தார். கூரையில்லை, வாசற்படி மட்டும் உண்டு. இங்கே வீடு இருந்தது என்று சொல்லும் அந்தக் கற்கள், சதுக்கத்தின் பிழையை ஓரளவு சரிசெய்கின்றன.

மாடியில் உட்கார்ந்தவர்கள் அங்கேயே இருந்துவிடவில்லை. 1780-இல் நியூபோர்ட்டின் கறுப்பர்கள் சுதந்திர ஆப்பிரிக்க ஒன்றியச் சங்கம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிறந்தநாள், சாவு, கல்யாணம் எல்லாம் அதில் பதிவாயின. நம்முடைய சங்கம் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஃபேர்வெல் தெருவில் உள்ள பொது இடுகாட்டின் ஒரு பகுதி அவர்களுடையது. ‘கடவுளின் சின்னக் காணி’ என்று அதற்குப் பெயர். மாளிகை பார்க்கப் போகிறவர்கள் கோயிலுக்கும் போங்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேயும் போய்வாருங்கள். 1705 முதல் அவ்வூரில் நடந்துவரும் ஸ்டீவன்ஸ் கல்தச்சுப் பட்டறையில் போம்ப் ஸ்டீவன்ஸ் என்று ஓர் அடிமைச் சிற்பி இருந்தார். 1768 டிசம்பரில் இறந்த தன் சகோதரன் கஃப் கிப்ஸுக்கு அவர் செதுக்கிய கல் அங்கே நிற்கிறது. இரண்டு சகோதரர்களுக்கும் இரண்டு எஜமானர்களின் பெயர்கள். இறந்தவன் பெயரோடு, இந்தக் கல்லை வெட்டியது இன்னார் என்று தன் பெயரையும் போம்ப் அதில் பொறித்துவைத்திருக்கிறார்.